மழைக்காட்டுத் தீவும் மருதமரத்து அணிலும்

ஜூன் மாதம் நாட்றாம்பாளையத்துக் குன்றுகளின் மேல் மேகம் மேற்கிலிருந்து ஓடிவரும். வந்த வேகத்தில் போயும்விடும். காற்றுக்குக் குறைவில்லை, மழைதான் தூறலோடு சரி. அதே பருவக்காற்று இலங்கையின் தென்மேற்கு மலைச்சரிவில் மோதிச் சிங்கராஜ வனத்தை ஊறப்போடுகிறது. அங்கே ஆண்டு மழை 3,000 முதல் 5,000 மில்லிமீட்டர். அஞ்செட்டிப் பக்கம் ஆயிரத்தைத் தொட்டாலே நல்ல வருஷம் என்பார்கள். இலங்கையில் ஈரக்காற்று கரையேறிய கையோடு மலையேறுகிறது. உயரே போகப்போகக் குளிர்ந்து, சுமந்துவந்த நீரைக் கொட்டிவிடுகிறது. நம் பக்கத்துக்கு வருவதோ மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மைசூர்ப் பீடபூமியிலும் கையிருப்பைச் செலவழித்துவிட்டு வரும் காற்று.

ஆகவே மழைக்காடு பார்க்கத் தீவுக்குப் போக நினைக்கும் ஓசூர்க்காரர் முதலில் பார்க்க வேண்டியது விமானக் கட்டணத்தை அல்ல, மழைக் கணக்கை. ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை சிங்கராஜத்தில் மழை ஓரளவு இடைவெளி விடும். ஆகஸ்ட், செப்டம்பரிலும் கொஞ்சம் தணியும். பெங்களூரிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. (ஓசூரிலிருந்து சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேரும் நேரத்தைவிட, பறக்கும் நேரம் குறைவாகவே இருக்கும்.) காட்டுக்குள் நுழையக் கலவானைப் பக்கம் குடாவ, தெனியாயப் பக்கம் பிட்டதெனிய என்று வாசல்கள் இருக்கின்றன. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்; அதுவே நல்லது. நம் காட்டில் உண்ணி என்றால் அங்கே அட்டை. முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை கட்டாயம் வேண்டும். கடித்தால் வலிக்காது, ஆனால் அது செலுத்தும் ஒரு பொருள் இரத்தத்தை உறையவிடாது என்பதால், அட்டை விழுந்த பிறகும் கால் நெடுநேரம் கசிந்துகொண்டிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

1988-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தக் காட்டில் பலரும் தேடுவது நீல நிற மேக்பைப் பறவையை. பத்துப் பன்னிரண்டு இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரைதேடும் கூட்டங்களை. நான் அண்ணாந்து பார்க்கச் சொல்வது வேறொன்றை: முதுகு கரியதாகவும் வயிறு மஞ்சளாகவும் இருக்கும் ஒரு பெரிய மர அணில். வால் உடலளவு நீளம். இதன் உடன்பிறப்பு நாட்றாம்பாளையத்துக்குக் கீழே, காவிரிக்கரையில் இருக்கிறது.

காவிரிக்கரையில் இருப்பது, ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-இல் சரணாலயம் அமைத்துக் காப்பாற்றப்பட்ட அதே சாம்பல் நிற அணில்தான். உலகில் இந்த இனம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. மூன்று துணையினங்கள்: ஈரமான தென்மேற்கு இலங்கையில் கறுப்பு, மலைநாட்டில் ஒன்று, உலர்ந்த பகுதிகளில் சாம்பல். அந்தச் சாம்பல் துணையினமே கடலுக்கு இந்தப் பக்கமும் வாழ்கிறது. ஈரமும் வெப்பமும் மிகுந்த இடங்களில் விலங்குகளின் நிறம் கருமை கூடும் என்று குளோகர் என்ற ஜெர்மானியர் 1833-லேயே எழுதினார். ஏன் என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை.

கடலை எப்படித் தாண்டியது? தாண்டவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணையின் ஆழமோ பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள். இரு கரைகளும் ஒரே நிலம். ஆனால் இந்த அணில் தரையில் இறங்கவே கூச்சப்படும் பிராணி. கிளைகள் பின்னிக்கொள்ளும் இடம் பார்த்துத்தான் கூடு கட்டும். ஆபத்து வந்தால் அடுத்த மரத்துக்குத் தாவ வேண்டுமே! அப்படியானால் இன்று மீன்பிடிப் படகு ஓடும் அந்த நிலப்பாலத்தில் ஒரு காலத்தில் மரங்கள் கைகோத்து நின்றிருக்க வேண்டும் என்று ஊகிக்கத் தோன்றுகிறது.

நம் பக்கத்து மலைகளில் ஆச்சாவும் வெக்காலியும் கோடையில் இலையுதிர்த்து நிற்கும். பிலிகுண்டுலுவிலிருந்து ஒகேனக்கல் வரை காவிரியோரம் மட்டும் நீர்மருது, நாவல், புளி, புங்கன் என்று பச்சை மாறாது. அந்த மரங்கள் குடிப்பது குடகில் பெய்த மழையை. கடல் சூழாவிட்டாலும் அந்த அணிலுக்கு அது தீவுதான்: இரு பக்கமும் காய்ந்த மலை, நடுவே நாடாபோல ஒரு காடு. வரிசையில் பத்து மருதமரம் விழுந்தால் அணில் தரையில் நடந்தாக வேண்டும்; நாய்க்கும் சிறுத்தைக்கும் அது போதும். 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டதில் இந்த அணிலுக்கும் பங்குண்டு. யானை நடமாடும் இடம் என்பதால் வனத்துறை அனுமதியில்லாமல் ஆற்றோரம் நுழையக்கூடாது.

ஆக, பயணத்திட்டத்தில் சிங்கராஜத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கினால், சாம்பல் அணிலைத் தேட மகாவலிக் கரைக்காடு ஒன்றுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். புறப்படுமுன் காவிரிக்கரை. அதற்கு பிப்ரவரி தோதானது: மலையெல்லாம் மொட்டையாக நிற்க, இலையுள்ள மரங்களை மட்டும் பார்த்தால் போதும், தேடும் வேலை பாதியாகும். சிங்கராஜத்துக்கும் அது நல்ல மாதம்தான். விடுப்பு கிடைத்தால் இரண்டையும் ஒரே மாதத்தில் முடித்துவிடலாம்.