மார்பகச் சோதனைக்கு அழைக்கும் செல்பேசி

கப்பல் டிக்கெட் கொடுக்கும் தேதியை அந்தமான் தமிழர் எவரும் மறப்பதில்லை. ஆனால் துணைச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா, "புதன்கிழமை மார்பகச் சோதனைக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லிப் போனால், அந்தப் புதன் வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்று ஏதாவது குறுக்கே வந்துவிடும். வலித்தாலாவது நினைவு வரும். புற்றுநோய்க் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

இந்த மறதிக்கு லண்டன் நகரின் ஹில்லிங்டன் பகுதியில் ஒரு கைவைத்தியம் செய்து பார்த்தார்கள். 2012-13ல், முதல் தடவையாக மார்பக எக்ஸ்ரே சோதனைக்கு அழைக்கப்பட்ட 2,240 பெண்களில் ஒரு பாதியினருக்கு வழக்கமான கடிதம் மட்டும் போயிற்று. மறு பாதியினருக்குக் கடிதத்துடன், 48 மணி நேரம் முன்னதாகச் செல்பேசியில் நினைவூட்டும் செய்தியும் அனுப்ப ஏற்பாடு. முதல் பாதியில் சோதனைக்கு வந்தோர் 59 சதவீதம். இரண்டாம் பாதியில் 64.

இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். சங்கதி உள்ளே இருக்கிறது. செய்தி அனுப்ப வேண்டிய 1,122 பேரில் 456 பேருடைய எண்தான் டாக்டரின் பதிவேட்டில் இருந்ததாம்! செய்தி அனுப்பப்பட்டவர்களை மட்டும் கணக்கிட்டால் நூற்றுக்கு 72 பேர் வந்திருக்கிறார்கள். எண் இருந்தும் அனுப்பப்படாதவர்களில் 60 பேரே வந்தனர்.

நம்மவர்கள் இதையெல்லாம் பொருட்படுத்துவார்களா என்ற சந்தேகம் வேண்டாம். சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 537 உழைக்கும் ஆண்களை இரண்டாண்டு கவனித்து, 2013ல் முடிவை வெளியிட்டனர். உணவு, உடற்பயிற்சி பற்றிச் செல்பேசிச் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கு.

கையால் பார்க்கும் சோதனை

நம் நாட்டில் 30 முதல் 65 வயது வரை உள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை மார்பகத்தைக் கையால் பரிசோதிக்க வேண்டும் என்பது 2016ல் மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த முறை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலோ, 30-49 வயதினரில் ஒரு முறையேனும் சோதித்துக்கொண்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இத்தனைக்கும் கைச்சோதனை அற்பமானதன்று. பம்பாய் டாடா நினைவு மருத்துவமனை 1998 முதல் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்களே சோதித்தனர். 50 வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளைய வயதினரிடம் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தீவுகளிலும் நினைவூட்டல் செய்யத்தக்கதே. சிக்னல் இருந்தால் போதும், இணையம் வேண்டியதில்லை. 2011 கணக்குப்படி இங்கே நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ் பேசுவோர். ஆகவே செய்தி தமிழில் வர வேண்டும். எழுத்து வாசிக்காத தாய்மாருக்குக் குரல் அழைப்பே பொருந்தும். பதிவேட்டில் கணவன் எண் இருந்தாலோ, அது ஜெட்டியில் சுமை இறக்குபவரின் சட்டைப் பையிலேயே கிடந்துவிடும். மனைவி கையிலுள்ள செல்பேசியின் எண்ணையே நர்ஸம்மாவிடம் எழுதச் சொல்லலாம். கட்டி தட்டுப்பட்டுவிட்டால் எந்தச் செய்திக்கும் காத்திராமல் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டியதுதான்.