கீமோ மாத்திரையும் வெறுங்கால் கிரிவலமும்

புற்றுநோய்க்குக் கேப்சிடபின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே, நோய் தீர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, திருவண்ணாமலையில் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். உள்ளங்கால் தோல் உரிந்து திரும்புகிறார்கள். வெயில் சுட்டுவிட்டது என்கிறார்கள். மாத்திரையை யாரும் சந்தேகிப்பதில்லை. அந்த மருந்துக்கு உள்ளங்கையையும் உள்ளங்காலையும் புண்ணாக்கும் குணம் உண்டென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மார்பகம், குடல், இரைப்பைப் புற்றுக்குத் தரப்படும் இந்த மாத்திரை, உடலுக்குள் போய் 5-ஃபுளூரோயூராசிலாக மாறுகிறது. ஊசி வழியே ஏற்றும் அதே கீமோதான். ஊசிக்கு நர்ஸ் பக்கத்தில் நிற்பார். மாத்திரைக்கு வீட்டில் யாரும் இல்லை. பெரும்பாலும் 14 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். மிச்சம் இருக்கிறதே என்று அந்த 7 நாளும் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்து. அட்டையில் எல்லாம் ஆங்கிலம். மருந்து கொடுக்கும் சன்னலில் இருப்பவர் வாயைத் திறப்பதில்லை. தொடங்கும் தேதி, நிறுத்தும் தேதி இரண்டையும் தமிழில் எழுதித் தர ஒரு நிமிடம் போதாதா? எழுதி வாங்காமல் நகராதீர்கள்.

சாப்பிட்ட 30 நிமிடத்துக்குள், தண்ணீரோடு, உடைக்காமல் விழுங்க வேண்டும். பௌர்ணமி, பிரதோஷம் என்று விரதமிருந்து வெறும் வயிற்றில் போடாதீர்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடாதீர்கள். எடுத்துக் கொடுப்பவர் கையுறை போடட்டும். கர்ப்பிணிகள் தொட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரைகூட பக்க விளைவைக் கூட்டும். மலையடிவாரத்தில் கிடைக்கும் சூரணம், லேகியம் எதுவும் மருத்துவரிடம் காட்டாமல் வேண்டாம்.

கை, கால் சிவந்து வலித்தாலோ, வழக்கத்தைவிட நான்கு முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு ஆனாலோ, வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் போனாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். சிலருக்கு இம்மருந்தைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு மருந்தின் முதல் சுற்றிலேயே இதெல்லாம் கடுமையாக வரலாம். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாராசிட்டமால் போட்டுப் படுக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் மாத்திரை அட்டையைக் காட்டி, கீமோ நடக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மறுபடி சொல்கிறேன்: காய்ச்சலோடு காத்திருக்க வேண்டாம்.

வேண்டுதலைச் சிகிச்சை முடியும்வரை தள்ளிவைக்கலாம். மனம் கேட்காவிட்டால் ஆட்டோவில் சுற்றி, எட்டு லிங்கங்களையும் கும்பிடுங்கள்.

காசில்லாமல் மாத்திரையைப் பாதியாகக் குறைப்பவர்களும் உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உங்கள் உரிமை. குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று மூன்றையும் நகலோடு எடுத்துக்கொண்டு, வேங்கிக்காலில் இருக்கும் திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தின் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். நாளை வா என்றால் 1800 425 3993-இல் புகார் சொல்லுங்கள். அட்டை வந்ததும், உங்கள் மாத்திரை திட்டத்தில் அடங்குமா என்று சிகிச்சை தரும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். கடையில் வாங்கினால் மருந்தின் தொகுதி எண்ணோடு (Batch No.) ரசீது வாங்குங்கள். பக்க விளைவை நீங்களே 1800 180 3024-இல் பதிவு செய்யலாம்; அப்போது அந்தத் தொகுதி எண்ணைக் கேட்பார்கள். மிஞ்சிய மாத்திரையைக் குப்பையில் போடாமல், அடுத்த முறை போகும்போது மருத்துவமனையிலேயே ஒப்படையுங்கள்.