குளிரில் எண்ணெய், வெயிலில் வெண்ணெய்

மர விதைக்குள் எந்த வகைக் கொழுப்பு சேரும் என்பதில் தட்பவெப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதைப் பொறுக்குபவருக்கு என்ன கிடைக்கும் என்பதோ சில வார மழையின் கையில்.

இமாசலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்தில் குளிர்காலம் பனியில் கழிகிறது. அங்கு காட்டு ஆப்ரிகாட் கொட்டையை உடைத்து ஆட்டினால் கிடைக்கும் 'சுல்லி' எண்ணெய் தெளிவாக ஓடும். கோடையில் கொதிக்கும் மத்திய இந்தியக் காடுகளின் கதை வேறு. பஸ்தரின் சால் மரத்து விதைக் கொழுப்பு அறை வெப்பத்திலேயே வெண்ணெய் போலக் கட்டியாகி நிற்கும். கொங்கணக் கரையின் கோகம் விதைக் கொழுப்பும் அப்படித்தான். அது உருக 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் தேவை.

விளக்கம் கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. சால், கோகம் இரண்டிலும் எளிதில் உறையும் நிறைவுற்ற அமிலங்கள் ஏறக்குறைய பாதி அல்லது அதற்கும் மேல். ஆப்ரிகாட் பருப்பு எண்ணெயிலும் காஷ்மீரத்து வால்நட் எண்ணெயிலும் இவை சுமார் 10 சதவீதம்தான். மீதியெல்லாம் உறையாத வகை.

அமெரிக்கத் தாவரவியலாளர் ராண்டல் லிண்டர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணம் சொன்னது. விதையின் கொழுப்பு முளைக்கான கட்டுச்சோறு. நிறைவுற்ற கொழுப்பைத் தயாரிக்கச் செலவு குறைவு. அது தரும் சக்தியும் சற்று அதிகம். ஆனால் குளிரில் அது உறைந்துவிட்டால் முளையால் விரைவாகப் பயன்படுத்த முடியாது. எனவே குளிர்ப் பிரதேசத் தாவரங்கள் கூடுதல் செலவு செய்து உறையாத எண்ணெயைச் சேமிக்கின்றன. வெப்பப் பிரதேசத்தில் அந்தக் கவலை இல்லை.

ஆனாலும் இடம் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. குமாவோன் மலையடிவாரத்தின் 'சியூரா' மரம் கெட்டியான வெண்ணெய் தருகிறது. அது இலுப்பையின் குடும்பம். சமவெளி வெயிலில் வளரும் புங்கம் விதையிலிருந்து வருவதோ ஓடும் எண்ணெய். வம்சத்தின் குணமும் பேசுகிறது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வேப்ப மரங்களின் விதைகளில்கூட அசாடிராக்டின் என்ற பூச்சிக்கொல்லிப் பொருளின் அளவு மாறுபடும்.

சால் விதைக்குச் சந்தையில் மதிப்பைத் தந்ததே இந்தக் கெட்டித்தன்மைதான். சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் தவிர ஆறு தாவரக் கொழுப்புகளை 5 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் விதி செய்தது. அந்த ஆறில் சால், கோகம், மாங்கொட்டைப் பருப்பு ஆகிய மூன்றும் இந்தியாவில் கிடைப்பவை.

ஆனால் வெயில் கொடுத்ததை மழை கெடுக்கக்கூடும். சால் விதை உதிர்வது மே, ஜூன் மாதங்களில், பருவமழையின் வாசலில். மழை வலுக்குமுன் பழங்குடிக் குடும்பங்கள் விதையைப் பொறுக்கி, காயவைத்து, இறகைப் போக்கி, ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்க வேண்டும். விதை நனைந்தால் அதிலுள்ள நொதிகள் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கும். தனி அமிலம் ஏறும், நிறம் மாறும். சாக்லேட்டுக்குப் போக வேண்டிய சரக்கு சோப்புக்குப் போகும். பருப்பில் கொழுப்பு 15 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் சாதாரணச் செக்கில் ஆட்டிக் கட்டுப்படியாகாது. ஆலைக்குத்தான் விற்றாக வேண்டும். நல்ல விளைச்சலும் எல்லா ஆண்டும் வருவதில்லை.

சிறு வனப்பொருள்களுக்கு மத்திய அரசு 2013-14இல் கொண்டுவந்த குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தில் சால் விதையும் இடம்பெற்றது. ஆனால் ஆதரவு விலையால் நனைந்த விதையை உலர்த்த முடியாது. பருவமழை முந்தினாலோ, கோடை மழை நீண்டாலோ நஷ்டம் முதலில் விழுவது பொறுக்குபவர் கூடையில். கொள்முதல் நிலையங்களுக்கு அருகில் கூரை போட்ட உலர்களம் அமைப்பதும், மழைக்கு முன்பே வாங்கி முடிப்பதும் பெரிய தொழில்நுட்பமல்ல. மரம் தன் வேலையை வெயிலிலேயே முடித்துவிடுகிறது. மீதி வேலைக்கு அந்த மூன்று, நான்கு வாரங்கள்தான் அவகாசம்.