சைக்காவுக்கு மின்மோட்டார்

யாங்கோன் பன்ஸோடான் துறையிலிருந்து படகேறி டாலாவில் இறங்கினால் சைக்கா வண்டிகள் காத்திருக்கும். பக்க இருக்கையில் இருவர் முதுகோடு முதுகாக அமர, ஒருவர் முழங்கால் நோக மிதிக்கும் வண்டி. இதற்கு வீட்டிலேயே மின்மோட்டார் பூட்டலாமா என்றால், பூட்டலாம். சக்கரக் குடத்துக்குள் மோட்டாரை அடக்கும் முறைக்கு அமெரிக்கரான ஆக்டன் போல்டன் 1895-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

48 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பாட்டரியில் 480 வாட்-மணி மின்சாரம் அடங்கும். தனிச் சைக்கிளுக்கு அது தாராளம். ஆளேற்றிய சைக்காவுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது அச்சில்தான். மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது அச்சு பின்னோக்கி முறுக்கும். நட்டு தளர்ந்தால் வயர் அறுந்து, சக்கரமே கழன்றுவிடலாம். அச்சைப் பிடிக்கும் இரும்புப் பட்டையைச் சட்டத்தோடு இறுக்கியாக வேண்டும். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சும், பாட்டரியருகே பியூஸும் அவசியம். முதல் நாள் பக்க இருக்கையில் ஆளுக்குப் பதில் அரிசி மூட்டையை ஏற்றி ஓட்டிப் பார்ப்பது உத்தமம்.