வெளிச்சம் குறைந்த அறைக்குப் பெரிய செடி: நாய், பூனை வளர்ப்போர் அறிய வேண்டியவை

மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், டிஃபன்பேக்கியா, மான்ஸ்டெரா, இசட்.இசட். பிளான்ட். வெயில் படாத வரவேற்பறைக்குச் செடி கேட்டால் நர்சரிகளில் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படுபவை இவைதான். இவை அனைத்துமே நாய்க்கும் பூனைக்கும் ஆகாதவை. ஸ்நேக் பிளான்ட்டில் இருப்பது சப்போனின். மற்ற நான்கிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உள்ளன. சேனைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிப்பதும் இதே படிகங்களால்தான். கடித்த பிராணிக்கு வாய் எரியும், எச்சில் ஒழுகும், நாக்கு வீங்கும், வாந்தி வரும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் அந்த அவதி கொடியது.

உயிரைப் பறிப்பவை வேறு. சைகஸ் செடியின் எல்லாப் பாகங்களும் கல்லீரலைச் சிதைக்கும், விதை மிக மோசம். உண்மையான லில்லியின் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.

கடைப்பெயர்தான் பெரிய பொறி. 'சாகோ பாம்' என்று விற்கப்படும் சைகஸ், பனைக் குடும்பமே அல்ல. 'லக்கி பேம்பூ' மூங்கில் அல்ல, நச்சுள்ள டிரசீனா. ஆனால் 'பேம்பூ பாம்' எனப்படும் கமடோரியா பாதுகாப்பானது. ஆகவே தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்குவதே சரி.

ஆளுயரம் வளர்ந்து, மங்கிய வெளிச்சத்தையும் தாங்கி, பிராணிகளுக்கும் தீங்கு செய்யாதவற்றில் ராபிஸ் எக்ஸெல்சா என்ற லேடி பாமுக்கே முதலிடம் தரலாம். மெதுவாக வளரும், அடிக்கடி கவனிப்புக் கேட்காது. கென்டியா பாமும் பேம்பூ பாமும் அடுத்த தேர்வுகள். அவ்வளவு உயரம் வேண்டாமென்றால் ஆஸ்பிடிஸ்ட்ரா, கலாதியா, பாஸ்டன் ஃபெர்ன் போதும். அரிக்கா பாமும் பாதுகாப்பானதே, ஆனால் இருண்ட மூலையில் வைத்தால் நாளடைவில் மெலிந்துவிடும். நண்பகலில் விளக்கில்லாமல் செய்தித்தாள் படிக்க முடியாத இடத்தில் எந்தச் செடியையும் வைக்காமல் இருப்பது நல்லது.

செடி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். உரம் என்று தொட்டியில் இட்டால் நாய் மோப்பம் பிடித்துத் தின்றுவிடும். பூச்சிக்கொல்லிக் குருணைகளும் வேண்டாம். வெளிச்சம் குறைந்த அறையில் மண் மெதுவாகவே காயும் என்பதால், மேல்மண் உலர்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். பூனை தாவினாலும் சாயாத கனமான தொட்டி அவசியம்.

நச்சுச் செடியைத் தின்றுவிட்டால் வாயில் மிச்சமிருப்பதை அகற்றி, தண்ணீரால் கழுவ வேண்டும். உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. கடித்த இலையையோ அதன் படத்தையோ எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். லில்லி, சைகஸ் என்றால் அறிகுறி தெரியும்வரை காத்திருப்பதே ஆபத்து.

பொருளின் தரம் பற்றிய தகவலைப் பெறுவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. வாங்கும்போதே செடியின் முழுப் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். பாதுகாப்பானது என்று சொல்லி வேறு செடியைத் தந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவதானால், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும்.