கைகளில் வாழும் பாஷை

மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளிச்செய்த ஸ்தலம் திருவண்ணாமலை என்பது சைவ மரபு. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில், அவருக்கென்று ஒரு கோயிலும் உண்டு. அந்தப் பிரபந்தத்தின் முதற் பாட்டிலேயே, மார்கழி விடியலில் தோழியை எழுப்ப வந்த பெண்கள், இத்தனை பாடியும் எழாதவளின் காது கேளாக் காதோ என்று வாசலில் நின்று வினவுகிறார்கள். அதே மாணிக்கவாசகர் தில்லையில் பௌத்தரோடு வாது செய்தபோது, ஈழத்து மன்னனின் பேசாத மகள் இறையருளால் வாய் திறந்து விடை கூறினாள் என்றும், அந்த வினாவிடையே திருச்சாழல் ஆயிற்று என்றும் புராணம் சொல்லும். குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்து செந்தூர் முருகன் சந்நிதியில் பேச்சு வரப்பெற்றார். காஞ்சியில் மூக கவி காமாட்சியின் கடாட்சத்தால் கவி பாடினார். பக்தியின் மகிமையை உரைக்கும் இக்கதைகள் போற்றத்தக்கவையே. ஆயினும் இவற்றைக் கேட்டு வளர்ந்த நம் சமூகத்தின் மனத்தில், பேசாத குழந்தைக்கு வாய்க்கக்கூடிய பாக்கியம் ஒன்றே, அது என்றாவது ஒரு நாள் வாய் திறந்து பேசுவதே என்ற எண்ணம் ஆழ வேரூன்றிவிட்டது. அந்த நாளுக்காகக் காத்திருக்கும் வருஷங்களில் குழந்தையின் புத்திக்கு என்ன ஆகாரம் கொடுப்பது என்று எண்ணிப் பார்ப்பவர் அரியர்.

பிறவியிலேயே நேரும் காது கேளாமைக்குக் காரணம் பெரும்பாலும் உட்செவியில் இருக்கிறது. காக்ளியா என்னும் சுருள் வடிவக் குழலில், ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் ஒலியின் அதிர்வை நரம்புக்குரிய மின்துடிப்பாக மாற்றுகின்றன. மனித உடலில் இவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. சொந்தத்தில், அதிலும் தாய்மாமனுக்கே பெண் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்த தமிழகத்தில், பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே மரபணுக் குறை பிள்ளையிடம் வந்து சேரும் வாய்ப்பு மிகுதி. கனெக்சின் 26 என்ற புரதத்துக்குரிய மரபணுவில் நேரும் மாற்றம் அவற்றுள் பிரசித்தமானது. பிறந்த சில நாட்களிலேயே குறையைக் கண்டுகொள்ள எளிய பரிசோதனை உண்டு. குழந்தையின் காதுக்குள் மெல்லிய ‘டிக்’ ஒலியைச் செலுத்தினால், நலமான மயிரணுக்கள் தாமும் ஒரு நுண்ணிய ஒலியைத் திருப்பி எழுப்பும். தூங்கும் சிசுவின் காதிலேயே கருவி அதைப் பதிவு செய்துவிடும்.

ஆனால் காது எங்கே பழுதுபட்டது என்பதைக் காட்டிலும் முக்கியமான விஷயம், பாஷை எங்கே குடியிருக்கிறது என்பதுதான். அமெரிக்காவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் உர்சுலா பெலுகியும் அவருடைய சகாக்களும், சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர்களுள் பக்கவாதத்தால் மூளை பாதிக்கப்பட்டோரை ஆராய்ந்து, 1987-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மூளையின் இடப்பாகம் கெட்டவர்கள், கைகள் நன்றாக அசைந்தும், சைகையின் இலக்கணத்தை இழந்து தடுமாறினார்கள். வலப்பாகம் கெட்டவர்களோ ஒரு வீட்டின் படத்தைக்கூட நேராக வரைய இயலாமற்போன நிலையிலும் பிழையின்றிச் சைகையில் உரையாடினார்கள். காதால் கேட்டு வாயால் பேசுவோரின் பாஷையும் பெரும்பாலும் அதே இடப்பாகத்தில்தான் அமைந்திருக்கிறது. 1991-இல் லாரா பெட்டிட்டோ வெளியிட்ட ஆராய்ச்சி இதைவிட நெஞ்சைத் தொடுவது: காது கேளாத பெற்றோரிடம் சைகை மொழி கண்டு வளரும் சிசுக்கள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசும் பருவத்திலேயே விரல்களால் மழலை பேசுகின்றன.

ஒரு பௌர்ணமி இரவில், திருவண்ணாமலை ராஜகோபுரத்து எதிரே கிரிவலக் கூட்டம் நெருக்கியடிக்க, ஒலிபெருக்கி முழக்கத்தில் பக்கத்திலிருப்பவர் சொல்வதும் விளங்காத நிலையில், வீதியின் இரு ஓரங்களிலும் நின்ற இரண்டு இளைஞர்கள் தலைகளுக்கு மேலாகக் கைகளை உயர்த்தி நிதானமாகச் சம்பாஷித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அந்தப் பாஷை அறிந்த நண்பர் ஒருவர் உடன் இருந்து விளக்கினார். ஆட்காட்டி விரல் மீசைமேல் ஓடினால் ஆண். மூக்கின் பக்கத்தில், மூக்குத்தி இருக்கும் இடத்தில், தொட்டால் பெண். கொடுத்தல் என்ற சைகை கொடுப்பவரிடமிருந்து புறப்பட்டு வாங்குபவர் இருக்கும் திசைக்குச் செல்லும். நாம் வேற்றுமை உருபால் உணர்த்துவதை அவர்கள் வெளியில் கை போகும் திசையாலேயே உணர்த்திவிடுகிறார்கள். யார், எங்கே என்னும் வினாக்கள் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். ஆம், இல்லை என்று விடை வேண்டும் கேள்வியைப் புருவத்தின் உயர்வே காட்டிவிடும். வெறும் அபிநயமாக நாம் எண்ணுவது முழு இலக்கணம் பெற்ற மொழி என்று 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகையைப் பற்றி நிறுவினார். மதன் வசிஷ்டா முதலியோர் 1970-களில் இந்தியச் சைகை மொழியை ஆராய்ந்தனர்.

இந்த அறிவு வருவதற்கு முன் நேர்ந்த அநீதி பெரிது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்கு உதட்டசைவும் வாய்ப்பேச்சுமே கற்பிக்கப்பட வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்தது. கூடியிருந்தவர்களில் காது கேளாதவர் மிகச் சிலரே. பாளையங்கோட்டையில் 1890-களில் பிளாரன்ஸ் ஸ்வெயின்ஸன் தொடங்கிய பள்ளி முதலாக இந்நாட்டில் எத்தனையோ பேர் அன்போடு இப்பணியில் உழைத்தார்கள். எனினும் மிலானின் நிழல் உலகமெங்கும் நூறாண்டுக்குமேல் விழுந்து கிடந்தது. அந்தத் தீர்மானத்தை வருத்தத்தோடு கைவிடுவதாக 2010-இல் வான்கூவரில் கூடிய மாநாடுதான் அறிவித்தது.

அண்ணாமலைக்கு 1896-இல் வந்த ரமணரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. விரூபாக்ஷ குகையில் அவர் பேசாதிருந்த காலத்தில், சிவப்பிரகாசம் பிள்ளை 1902-ஆம் ஆண்டளவில் கேட்ட கேள்விகளுக்கு எழுத்தாலும் சைகையாலும் விடை தந்தார்; ‘நான் யார்?’ என்ற சிறு நூல் அப்படிப் பிறந்தது. மௌனத்தை வணங்கும் ஊர் இது. ஆனால் அந்த மௌனத்துக்குள்ளே முழுத் தமிழும் இருந்தது. பக்கத்துக் கிராமத்தில், தன்னோடு யாரும் கைப்பாஷை பேசாத ஒரு வீட்டில் வளரும் ஐந்து வயதுப் பிள்ளையின் மௌனத்தில் எந்தப் பாஷையும் இல்லை. நேற்று என்பதற்கும், ஏன் என்பதற்கும் அதனிடம் உருவம் இல்லை. மொழி கற்கும் பருவம் தாண்டிய பின் அந்த இழப்பைப் பூரணமாக ஈடுசெய்ய எந்த வைத்தியத்தாலும் ஆகாது.

கேட்க உதவும் காக்ளியர் கருவியைப் பொருத்தும் சத்திரசிகிச்சையைத் தமிழக அரசு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாகச் செய்விக்கிறது. இது உத்தமமான காரியம். கருவி பொருத்தியபின் கேட்கவும் பேசவும் நீண்ட பயிற்சி வேண்டும்; எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பலன் கிடைப்பதில்லை. ஆதலால், சைகை கற்றால் பேச்சு வராது என்று அஞ்சித் தாய்மார் பிள்ளையின் கைகளைப் பற்றித் தடுப்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. எந்தப் பாஷையாவது முதலில் வேரூன்றினால், மற்றொன்று அதன்மேல் ஏறுவது எளிது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காது கேளாதோர்க்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்கிறது. தில்லியில் 2015-இல் தோன்றிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி நிலையம் தயாரித்த அகராதியில் 10,000 சொற்களுக்குச் சைகைப் படங்கள் உள்ளன. செங்கத்திலோ போளூரிலோ உள்ள ஒரு தாய் கைபேசியிலேயே அவற்றைக் காணலாம். ஆனால் படம் பதில் பேசாது. கார்த்திகைத் தீபத்துக்கு இத்தனை ஏற்பாடு செய்யும் இம்மாவட்டத்தில், காது கேளாத பெரியவர்களையே ஆசிரியராக அமர்த்தி, கேளாக் குழந்தைகளின் தாய் தந்தையருக்கு வாரந்தோறும் ஒரு வகுப்பு நடத்துவது அரிய காரியமன்று. சைகையில் கதை சொல்லவும், கோபிக்கவும், சிரிக்கவும் அறிந்தவர்கள் அவர்கள்தாம். அதற்குரிய சம்பளத்தைத் தர்மமாக அன்றி ஆசிரியர் சம்பளமாகவே அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.