குறுக்கு வழியில் ஓடும் குருதி

டயாலிசிஸ் செய்துகொள்வோர் பலரின் மணிக்கட்டருகே விரலை மெல்ல வைத்தால் ஓயாத அதிர்வொன்று புலப்படும். அங்கே தமனியும் சிரையும் அறுவை மூலம் வேண்டுமென்றே இணைக்கப்பட்டுள்ளன. ஊசி குத்துவதற்கேற்பச் சிரை பருக்கவேண்டும் என்பதற்காக 1966இல் அமெரிக்காவில் பிரெசியா, சிமினோ முதலியோர் வெளியிட்ட முறை இது. கையில் இது நன்மை. இதே போன்ற இணைப்பு மூளையில் தானாக அமைந்துவிட்டாலோ பேராபத்து.

காரணம் அழுத்தமே. தமனியில் இரத்தத்தின் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரசம். நுண்தமனிகளையும் தந்துகிகளையும் கடந்து சிரையை அடைவதற்குள் அது 15க்கும் கீழே இறங்கிவிடுகிறது. குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்று மாணவர்கள் படித்திருப்பர். அந்தத் தடை இடையில் இல்லாவிடில் மெல்லிய சிரை தமனியின் வேகத்தைத் தாங்கவேண்டியிருக்கிறது. மூளையில் அது வெடித்தால் பக்கவாதமோ மரணமோ நேரலாம்.

கை கால்களில் உள்ள பெரிய இணைப்பைக் கண்டறியக் கட்டைவிரலே கருவியாகும். இணைப்பை அழுத்தி மூடினால் நாடித்துடிப்பு குறையும். நிக்கோலடோனி 1875இலும் பிரானம் 1890இலும் இதைக் குறித்துள்ளனர். மூளைக்குள் விரல் எட்டாதே! 1927இல் லிஸ்பனில் மோனிஸ், எக்ஸ் கதிரை மறைக்கும் திரவத்தைத் தமனியில் செலுத்தி மூளையின் இரத்தக் குழாய்களைப் படம் பிடித்தார். இன்று அயோடின் சேர்ந்த மருந்து பாயும் முன்பும் பின்பும் படமெடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணினி கழிக்கிறது. எலும்பு மறைந்து குழாய்கள் மட்டும் நிற்கின்றன. வெறும் கழித்தல் கணக்குத்தான்!

சிகிச்சைக்கும் அதே வழிதான். 1953இல் ஸ்வீடனின் செல்டிங்கர் காட்டியபடி தொடைத் தமனியில் ஊசி குத்தி, அதனுள் கம்பி நுழைத்து, கம்பியின்மேல் மெல்லிய வடிகுழாயைச் செலுத்துகின்றனர். இணைப்பை எட்டியதும் பிளாட்டினச் சுருளாலோ, இரத்தம் பட்டவுடன் இறுகும் ஒருவகைப் பசையாலோ அடைக்கின்றனர். மண்டையைத் திறக்கவேண்டியதில்லை.

எங்கே அடைப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்தை நினைத்துப் பாருங்கள். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை அங்கே இரவு பகலாக இறைக்கிறார்கள். இறைக்குமிடத்தில் அழுத்தம் தாழ்வதால் சுற்றிலுமுள்ள நிலத்தடி நீர் அதை நோக்கி நகர்கிறது. ஒரு பக்கத்து வரவைத் தடுத்தாலும் மறுபக்கத்திலிருந்து வரும். இரத்தமும் அப்படியே. ஊட்டும் தமனியைத் தொலைவில் அடைத்தால், தாழ்ந்த அழுத்தத்தை நாடி அண்டைத் தமனிகள் பருத்து அவ்விடத்துக்குப் பாயத் தொடங்கும்; பழைய வழியும் அடைபட்டுப்போகும். மூளையில் பசை மிகுந்து வடிகால் சிரையை முதலில் அடைத்துவிட்டாலோ, உள்ளே வந்த இரத்தம் வெளியேற வழியின்றி வெடிக்கும். ஆகவே இணைப்பு நிகழும் அந்தப் புள்ளியிலேயே அடைப்பு விழவேண்டும்.

வெடிக்காத எல்லாவற்றையும் அடைத்தாகவேண்டும் என்பதுமில்லை. மூளையின் வெடிக்காத இணைப்புகளைப் பற்றி 2014இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், மருந்து மட்டும் கொடுத்துக் கண்காணிக்கப்பட்டவர்களைவிடச் சிகிச்சை பெற்றவர்களிடையே பக்கவாதமும் மரணமும் அதிகமாயின. அவர்களைப் பின்தொடர்ந்த காலம் சராசரியாக மூன்று ஆண்டுகூட நிறையாததால், மருத்துவர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை.